‘ஜாக்ஸோனியன் மார்ச்’ என்றால் மார்ச் மாதமா?

கேள்வி: ஆரணிப் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். என் அண்ணன் மகனுக்கு 24 வயது. போன ஆடி மாதம் ஒருநாள் காலை டீ குடித்துக்கொண்டிருந்தவனுக்கு வலது கட்டைவிரல் தானாகத் துடிக்க ஆரம்பித்தது. அப்புறம் மற்ற விரல்கள், மணிக்கட்டு. அதற்குள் வாயின் வலது ஓரமும் இழுத்துக்கொண்டது. நாங்கள் பேசியதெல்லாம் கேட்டதாம். பதில் சொல்லத்தான் முடியவில்லை. அண்ணி சாவிக்கொத்தைக் கையில் திணித்தார். ரெண்டு நிமிடத்தில் நின்றது. ஆனால் அதற்குப் பிறகு அரை மணி நேரம் அந்தக் கையால் டம்ளரைக்கூடப் பிடிக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியில் உள்ள வார்த்தைகளை எழுத்துக்கூட்டி இத்துடன் அனுப்பியிருக்கிறேன்: Focal seizure, Jacksonian march, Todd's paresis; ஸ்கேனில் Left, ring enhancing lesion. அண்ணன் அதை ‘வோக்கல் சீசர்’ என்று படித்துவிட்டு, தொண்டையில் கோளாறா என்று கேட்கிறார். மருந்துக்கடைக்காரர் ‘போக்கல்’ என்றார். என் மகள், ‘மார்ச்’ என்று போட்டிருக்கிறது, மார்ச் மாதம் திரும்ப வரும் போலிருக்கிறது என்கிறாள். எப்படி உச்சரிப்பது, என்ன அர்த்தம்? கையிலிருந்து தோளுக்குப் போகாமல் வாய்க்கு எப்படிப் போனது? ரெண்டு நோயா? இது காக்காய் வலிப்பா? ஸ்கேனில் புழு என்கிறார்கள், நாங்கள் முட்டைகூடத் தொடாதவர்கள். தை மாதம் அவனுக்குக் கல்யாணம் வேறு நிச்சயமாகியிருக்கிறது.

பதில்: டீச்சர், முதலில் மார்ச் மாதத்தை முடித்துவிடுகிறேன். உங்கள் மகள் நிம்மதியாகத் தூங்கட்டும். இது காலண்டர் மார்ச் இல்லை. சுதந்திர தினத்தன்று உங்கள் பள்ளி மைதானத்தில் பிள்ளைகள் வரிசையாக நடந்து போவார்களே, அந்த மார்ச். அணிவகுப்பு. கட்டைவிரலில் தொடங்கிய துடிப்பு அடுத்த விரல், மணிக்கட்டு என்று வரிசை தப்பாமல் நடந்து போனதல்லவா? அதற்குத்தான் அந்தப் பெயர்.

இப்போது உச்சரிப்பு. ‘ஃபோ-க்கல்’. மேல்பல்லால் கீழுதட்டை லேசாகத் தொட்டுக் காற்றை மட்டும் ஊதினால் முதல் எழுத்து வந்துவிடும். அதே இடத்தில் குரலையும் சேர்த்தால் ‘வோக்கல்’ ஆகிவிடும். அது குரல் சம்பந்தப்பட்ட வேறு சொல். உதடு ரெண்டையும் மூடித் திறந்தால் மருந்துக்கடைக்காரரின் ‘போக்கல்’. அவரைக் குறை சொல்ல மாட்டேன், தமிழில் அந்த ஒலி கிடையாது; ஆய்த எழுத்தை முன்னால் உட்காரவைத்துச் சமாளிக்கிறோம்.

அடுத்த சொல் ‘ஸீ-ஷர்’. ‘ட்ரெஷர்’, ‘டெலிவிஷன்’ என்று சொல்லும்போது நடுவில் ஷகரமும் ஜகரமும் கலந்த மாதிரி ஓர் ஒலி வருமே, அதுதான் இங்கேயும். நம்மூரில் இது ‘சீசர்’ ஆகிவிடும். என்னிடம் வந்த ஒரு பெரியவர், “எம்பையனுக்கு சீசர்னு எழுதியிருக்காங்க டாக்டர், ஆம்பளப் புள்ளைக்கு எப்படி சிசேரியன் பண்ணுவாங்க?” என்று கேட்டார். சிரிக்கவில்லை, நிஜமான பயத்தோடுதான் கேட்டார்.

மூன்றாவது ‘ஜாக்-ஸோ-னி-யன்’. அழுத்தம் ‘ஸோ’வில். நான்காவது ‘டாட்ஸ் பெரீஸிஸ்’. இந்த டாட்ஸைக் கேட்டதும் நம் ஆட்கள் டிபி மாத்திரை கொடுக்கும் டாட்ஸ் திட்டத்தை நினைத்துக்கொள்கிறார்கள். அதுவும் இல்லை. டாட் என்பது ஒரு டாக்டரின் பெயர்; பெரீஸிஸ் என்றால் தசை பலம் குறைவது.

சரி, அர்த்தத்துக்கு வருவோம். ‘ஃபோக்கல்’ என்பது ‘ஃபோகஸ்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பழைய லத்தீனில் அதற்கு அடுப்பு, வீட்டில் நெருப்பு எரியும் இடம் என்று பொருள். கண்ணாடி வில்லையில் ஒளி குவியும் புள்ளிக்கு அந்தச் சொல்லை 1604-இல் கெப்ளர் எடுத்துக்கொண்டார். அந்தப் புள்ளியில் காகிதத்தை வைத்தால் எரியும் அல்லவா, பொருத்தம்தான். நம் அறிவியல் பாடநூல் அதைக் குவியம் என்கிறது. நீங்களே ‘குவியத் தொலைவு’ நடத்தியிருக்கலாம். அதைப் பார்த்து மருத்துவத்திலும் சிலர் ‘குவிய வலிப்பு’ என்று எழுதுகிறார்கள். எனக்கு அது அவ்வளவு சரியாகப் படவில்லை. வலிப்பில் எதுவும் வந்து குவிவதில்லை. ஓரிடத்தில் பற்றிக்கொண்டு பரவுகிறது. பழைய அடுப்பு அர்த்தம்தான் நோய்க்கு நெருக்கம். அதனால் நான் வீட்டாரிடம் ‘ஓரிடத்தில் தொடங்கும் வலிப்பு’ என்றே சொல்வது வழக்கம். மூளை முழுவதும் ஒரே நேரத்தில் தொடங்கும் வலிப்பு வேறு வகை.

சம்மரியில் இனிவரும் நாட்களில் வேறு பெயரைப் பார்த்தாலும் குழம்ப வேண்டாம். 1981 வகைப்பாட்டின்படி இதற்கு ‘சிம்பிள் பார்ஷியல் சீஷர்’ என்று பெயர். நினைவு தப்பினால் ‘காம்ப்ளெக்ஸ் பார்ஷியல்’. சிம்பிள் என்றதும் சாதாரணம்தானே என்று மாத்திரையை விட்டவர்கள் உண்டு. பார்ஷியல் என்றதும் பாதி வலிப்பு என்று நினைத்தவர்களும் உண்டு. சர்வதேச வலிப்புநோய் எதிர்ப்புக் கழகம் 2017-இல் அந்தப் பெயர்களை எடுத்துவிட்டு, நினைவோடு இருக்கும் ஃபோக்கல், நினைவு மங்கும் ஃபோக்கல் என்று பிரித்தது. பழைய டாக்டர்கள் கை இன்னும் பழைய பெயரைத்தான் எழுதும். எந்தப் பெயர் எழுதினாலும் உங்கள் பையனுக்கு வந்தது நினைவு தப்பாத வகை. நீங்கள் பேசியது அவனுக்குக் கேட்டது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியில் அது தெரிந்துவிடுகிறது.

ஜாக்ஸன் யார் என்பதைச் சொன்னால் உங்கள் ‘ரெண்டு நோயா’ என்ற கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும். ஜான் ஹ்யூலிங்ஸ் ஜாக்ஸன், 1835-இல் யார்க்‌ஷயரில் பிறந்தவர். லண்டன் க்வீன் ஸ்கொயரில் பக்கவாதம், வலிப்புக்கென்றே இருந்த ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். அப்போது ஸ்கேன் கிடையாது, மூளையின் மின்னலைகளைப் பதியும் இஇஜி கிடையாது. அவரிடம் இருந்தது கண்ணும் நோட்டுப் புத்தகமும்தான். வலிப்பு வந்தவர்களைப் பார்த்து, எங்கே தொடங்கியது, அடுத்து எங்கே போனது, எங்கே நின்றது என்று விடாமல் எழுதிக்கொண்டே இருந்தார். இப்படி வருபவை பெரும்பாலும் மூன்று இடங்களில் தொடங்குவதைக் கவனித்தார்: கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்த இடம், வாயின் ஓரம், கால் பெருவிரல்.

ஏன் இந்த மூன்று? முழங்கையில், முதுகில் ஏன் தொடங்குவதில்லை? நுட்பமான வேலை செய்யும் உறுப்புக்கு மூளையில் அதிக இடம் இருக்க வேண்டும் என்று அவர் யோசித்தார். ஊசியில் நூல் கோக்கும் விரலுக்கும், பேசும் வாய்க்கும் பெரிய மனை. முதுகுக்கு ஒரு சின்னத் துண்டு. பெரிய மனையில் நெருப்பு பற்றும் வாய்ப்பு அதிகம். வலிப்பு வரிசையாக நகர்கிறது என்றால் மூளையிலும் உறுப்புகள் ஏதோ ஒரு வரிசையில் இருக்க வேண்டும் என்றும் சொன்னார். 1870-இல் பெர்லினில் ஃப்ரிட்ஷ், ஹிட்ஸிக் என்ற இருவர் நாயின் மூளையில் மெல்லிய மின்சாரம் கொடுத்து, இந்த இடத்தைத் தொட்டால் இந்தக் கால் அசைகிறது என்று காட்டினார்கள். ஜாக்ஸன் கட்டில் பக்கத்தில் நின்று ஊகித்தது சரி என்று ஆனது.

அந்த வரிசை எப்படி இருக்கிறது தெரியுமா? காதுக்கு மேலே இருந்து உச்சந்தலை வரை மூளையின் மேல்பரப்பில் ஒரு பட்டை ஓடுகிறது. அதில் கீழே நாக்கு, உதடு, முகம். அதற்கு மேலே கட்டைவிரல். அப்புறம் மற்ற விரல்கள், மணிக்கட்டு, முழங்கை, தோள், உடம்பு. உச்சியைத் தாண்டி உட்பக்கம் மடங்கும் இடத்தில் கால். அதாவது உடம்பில் கட்டைவிரலும் வாயும் தூரம், மூளையில் பக்கத்து வீடு. இப்போது உங்கள் பையனின் காலையைத் திரும்பப் பாருங்கள். கட்டைவிரல் வீட்டில் நெருப்பு பிடித்தது. மேலே பரவியபோது மற்ற விரலும் மணிக்கட்டும் துடித்தன. கீழே பரவியபோது வாய் இழுத்தது. தோள் வரை அது ஏறவே இல்லை. நோய் ஒன்றுதான், அதற்கு வழி ரெண்டு.

வலது கை துடித்ததற்கு ஸ்கேனில் ‘லெஃப்ட்’ என்று போட்டிருக்கிறதே, மாற்றி எழுதிவிட்டார்களா என்று நீங்கள் கேட்கவில்லை. முக்கால்வாசிப் பேர் கேட்பார்கள். வலது பக்க உடம்பை நடத்துவது இடது மூளை. ரிப்போர்ட் சரி.

ஒரு துணுக்கு. ஜாக்ஸன் இதற்குத் தன் பெயரை வைத்துக்கொள்ளவில்லை. பாரிஸில் இருந்த ஷார்கோ என்ற நரம்பியல் டாக்டர்தான் ஜாக்ஸன் பெயரால் அழைத்தார். ஜாக்ஸனுக்கும் முன்னால், 1827-இலேயே ப்ராவே என்ற பிரெஞ்சு மாணவர் தன் ஆய்வேட்டில் இதை விவரித்திருந்தார். அதனால் பிரெஞ்சுக்காரர்கள் இரண்டு பெயரையும் சேர்த்துச் சொல்வதுண்டு. ஜாக்ஸனின் மனைவி எலிசபெத்துக்கும் மூளை ரத்தக்குழாய் அடைப்பில் இதே மாதிரி வலிப்பு வந்தது. 1876-இல் அவர் இறந்துபோனார். நோட்டுப் புத்தகத்தோடு மற்றவர்கள் கட்டில் பக்கத்தில் நின்றவருக்குத் தன் வீட்டிலேயே அதைப் பார்க்க நேர்ந்தது.

டாட் கதை சின்னது. ராபர்ட் பென்ட்லி டாட் டப்ளினில் பிறந்து லண்டனில் வைத்தியம் பார்த்தவர். வலிப்பு நின்றபின் அந்தக் கையோ காலோ கொஞ்ச நேரம் செயலிழந்து கிடந்து, தானாகத் திரும்புவதை 1849-இல் தன் சொற்பொழிவுகளில் விவரித்தார். டம்ளர் பிடிக்க முடியாத அந்த அரை மணி நேரம் அதுதான். சிலருக்கு ஒன்றரை நாள்கூட ஆகும். ஆனால் ஒரு எச்சரிக்கை: இந்தப் பெயர் தெரிந்துவிட்டது என்பதற்காக, நாளைக்கு வீட்டில் வேறு யாருக்காவது திடீரென்று கை விழுந்தால் ‘டாட்ஸ்தான், சரியாகிவிடும்’ என்று உட்கார்ந்திருக்காதீர்கள். அது பக்கவாதமாக இருந்தால் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. எது டாட்ஸ், எது பக்கவாதம் என்று பிரிப்பது ஆஸ்பத்திரியின் வேலை.

காக்காய் வலிப்பா என்று கேட்டீர்கள். அந்தப் பெயரே ஓர் உச்சரிப்புத் தவறுதான். கால்-கை வலிப்பு என்பது வாயில் உருண்டு ‘காக்கை வலிப்பு’ ஆகி, கடைசியில் ‘காக்காய்’ ஆகிவிட்டது என்பார்கள். பாவம் காக்காய், அதற்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ‘வலிப்பு’ என்ற சொல் மட்டும் நல்ல சொல். துடுப்பு வலித்தல் என்கிறோமே, அந்த வலித்தல். இழுத்தல் என்று பொருள். “வலிக்கவே இல்லையே, இதை ஏன் வலிப்புன்னு சொல்றீங்க?” என்று நோயாளிகள் கேட்கும்போது இதைத்தான் சொல்கிறேன். ஊரில் ‘இழுப்பு’ என்றும் சொல்வார்கள், அதுவும் அதே. ஆங்கிலச் சொல்லின் வேர் பிடித்தல், பற்றுதல். அவர்களுக்கு ஏதோ வந்து பிடிக்கிறது, நமக்கு ஏதோ இழுக்கிறது. ஃபிட்ஸ், சீஷர், வலிப்பு மூன்றும் ஒன்றைத்தான் குறிக்கின்றன. எபிலெப்ஸி என்பது வேறு. வலிப்பு திரும்பத் திரும்ப வரும் தன்மைக்கு அந்தப் பெயர். ஒருமுறை வந்த எல்லோருக்கும் அதை எழுதிவிடுவதில்லை. உங்கள் தாளில் அந்தச் சொல் இல்லை, நீங்களாகச் சேர்க்க வேண்டாம்.

அண்ணியின் சாவிக்கொத்து பற்றி. இந்த மாதிரி வலிப்பு பெரும்பாலும் ஒன்றிரண்டு நிமிடத்தில் தானாக நின்றுவிடும். சாவியைத் தேடி எடுத்து வருவதற்கே ஒரு நிமிடம் ஆகிவிடுகிறது. பேர் சாவிக்குப் போகிறது. துடிக்கும் கையில் இரும்பைத் திணித்தால் கீறல்தான் மிச்சம். மறுபடி வந்தால் அவனை உட்காரவையுங்கள், பக்கத்தில் சூடான டீ, அடுப்பு எதுவும் இல்லாமல் பாருங்கள், மணி பாருங்கள். யாராவது ஒருவர் செல்போனில் வீடியோ எடுக்கட்டும். கை மட்டுமல்ல, முகமும் சேர்ந்து தெரிய வேண்டும். சில நேரம் ஓரிடத்தில் தொடங்கியது மூளை முழுக்கப் பரவி, ஆள் நினைவிழந்து கீழே விழுந்து கைகால் உதறலாம். அப்போது ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கடியில் ஒரு துணி. வாயில் ஸ்பூன், துணி, தண்ணீர், எதுவும் கூடாது. ஐந்து நிமிடம் தாண்டினாலோ, ஒன்று முடிந்து தெளிவதற்குள் அடுத்தது வந்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஸ்கேன் விஷயம். ‘ரிங் என்ஹான்சிங் லீஷன்’ என்றால், மருந்து ஏற்றி எடுத்த ஸ்கேனில் மோதிரம் மாதிரி வளையமாக ஒளிரும் ஒரு சின்ன இடம். நம் நாட்டில் இளைஞர்களுக்கு ஓரிட வலிப்பு வர இது ஒரு முக்கியமான காரணம். ஒரு காலத்தில் இதைப் பார்த்தாலே டிபி கட்டி என்று முடிவுகட்டி மாதக்கணக்கில் டிபி மாத்திரை கொடுத்தார்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 1980-களின் இறுதியில் இந்தச் சின்ன வளையங்களை எடுத்துச் சோதித்தபோது, பெரும்பாலானவை நாடாப்புழுவின் இளம்பருவக் கூடு என்று தெரிந்தது. உலகம் முழுக்க இந்தச் சின்ன வளையங்களைப் பற்றிய எண்ணம் மாற அது ஒரு காரணம். டிபி கட்டியாக இருக்கும் வாய்ப்பு அடியோடு இல்லை என்று சொல்ல மாட்டேன். அளவு, சுற்றியுள்ள வீக்கம், மற்ற பரிசோதனைகளை வைத்து உங்கள் டாக்டர் பிரித்துப் பார்த்திருப்பார்.

‘முட்டைகூடத் தொடாதவர்கள்’ என்றீர்கள். பன்றிக்கறி தின்றால்தான் மூளையில் புழு வரும் என்று ஊரே நம்புகிறது. நடப்பது வேறு. சரியாக வேகாத பன்றிக்கறி சாப்பிட்டவருக்குக் குடலில் நாடாப்புழு வளரும். அவர் மலத்தில் புழுவின் முட்டை வெளியே வரும். அந்த முட்டை தண்ணீரிலோ, கழுவாத கொத்தமல்லி, கீரை, வெள்ளரியிலோ, சமைப்பவரின் கையிலோ ஒட்டி யார் வயிற்றுக்குள்ளாவது போனால்தான் அது மூளைக்கு ஏறுகிறது. சைவம், அசைவம் பார்த்து முட்டை ஒட்டுவதில்லை. வீட்டில் எல்லோரும் ஒருமுறை மலப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. வெளியே எங்கோ ஒட்டியதாகவும் இருக்கலாம், யாரையும் குற்றம் சொல்ல வேண்டியதில்லை.

இந்த ஒற்றை வளையம் பெரும்பாலும் சில மாதங்களில் சுருங்கி மறைந்துவிடும், அல்லது ஒரு சுண்ணாம்புப் புள்ளியாக நின்றுவிடும். அல்பெண்டசோல், ஸ்டீராய்டு தேவையா, எத்தனை நாள் என்பதை டாக்டர் சொல்வார்; பூச்சிமாத்திரைதானே என்று நீங்களாகக் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள். புழு சாகும்போது வீக்கம் கூடி வலிப்பு அதிகமாகலாம். வலிப்பு மாத்திரையை ஒருவேளைகூட விடக் கூடாது. நன்றாக இருக்கிறதே என்று திடீரென்று நிறுத்தி, ஒரே வாரத்தில் உதறலோடு வந்தவர்களை மாதந்தோறும் பார்க்கிறேன். கொஞ்ச காலத்துக்குப் பைக் வேண்டாம், கிணற்றுக் குளியல் வேண்டாம். இதைச் சொன்னால் எந்தப் பையனும் முறைக்கத்தான் செய்வான். பைக்கை எப்போது எடுக்கலாம் என்பதை மட்டும் தேதி போட்டு டாக்டரிடமே கேட்டு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கல்யாணம். நிறுத்த வேண்டிய காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. இந்து திருமணச் சட்டத்திலும் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் வலிப்பு ஒரு தடையாக எழுதப்பட்டிருந்தது; 1999-இல் அதை எடுத்துவிட்டார்கள். ஆனால் பெண் வீட்டாரிடம் மறைக்காதீர்கள். தாலி கட்டிய மூன்றாம் மாதம் மாத்திரை டப்பாவைப் பார்த்து அந்தப் பெண் கேட்கும்போது, நோயைவிட மறைத்ததுதான் பெரிய சண்டையாகும். கையில் ஒரு தாளோடு போய், ‘மூளையில் ஒரு சின்ன இடத்தில் தொடங்கிய வலிப்பு, ஒரு முறை வந்தது, காரணம் இது, மருந்து இவ்வளவு காலம்’ என்று நேராகச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் அந்தப் பெண்ணையும் அடுத்த முறை டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

அந்தத் தாளை நீங்களே எழுதுங்கள் டீச்சர். ஆடி மாதக் காலையில் நடந்ததை உங்கள் கடிதத்தில் இருக்கிற அதே வரிசையில்: கட்டைவிரல், மற்ற விரல், மணிக்கட்டு, வாயோரம், ரெண்டு நிமிடம், அரை மணி. அதன் ஒரு நகலை அவன் ஃபைலில் முதல் பக்கமாக வையுங்கள். அடுத்த முறை போகும்போது ஸ்கேன் ரிப்போர்ட்டோடு அந்தக் கறுப்பு ஃபிலிமையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். பாதிப் பேர் அதை பீரோ மேலேயே வைத்துவிட்டு வந்துவிடுகிறார்கள்.